பஞ்சிகாவத்தையில் கிராமபோன் ஸ்பிரிங்: நம்பிக் கொடுக்கலாமா?

கொழும்பு பஞ்சிகாவத்தை என்றதும் கார், வேன் உதிரிப்பாகம்தான் ஞாபகத்துக்கு வரும். அந்தக் கடைகளுக்குப் பின்னால், மருதானைப் பக்கம் போகும் ஒழுங்கை ஒன்றில், லேத் வேலையோடு சேர்த்துச் சாவி கொடுக்கும் கிராமபோன் மோட்டரும் பார்க்கிற பட்டறை ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை இல்லை. வாசலில் தையல் மெஷின்கள் குவிந்திருக்கிற இடம் என்று கேட்டால் காட்டுவார்கள். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஸ்பிரிங் முறிந்திருந்தால் தயங்காமல் கொடுங்கள். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரில் கைவைக்க விடாதீர்கள். கிறீஸை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள்.

போகுமுன் முறிந்தது ஸ்பிரிங்தானா என்று பாருங்கள். கைபிடி பாரமே இல்லாமல் சும்மா சுற்றினால், நடு அச்சைப் பிடிக்கிற உள்முனை போய்விட்டது. கொஞ்சம் இறுகி, டக்கென்று வழுக்கி, மறுபடி இறுகினால் வெளிமுனை ஓட்டை கிழிந்திருக்கும். ஸ்பிரிங் சுருண்டிருக்கும் உருளையான ட்ரம்மின் சுவரிலுள்ள கொளுக்கி தேய்ந்தாலும் இதே குணம்தான். கைபிடியை விட்டதும் திருப்பி அடித்தால் ஸ்பிரிங்கில் பிழை இல்லை, பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் ராட்செட்டில் பிழை. பாடும்போது உள்ளே தொம் தொம் என்று இடித்தாலும் பயப்பட ஒன்றுமில்லை: பழைய கிராபைட் கிறீஸ் காய்ந்து சுற்றுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அவை திடீர் திடீரென்று விடுபடும் சத்தம் அது. கழுவிப் புது கிறீஸ் போட்டால் தீர்ந்துவிடும்.

பெட்டியோடு தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை. ஊசி பூட்டும் சவுண்ட் பொக்ஸைக் கழற்றிப் பத்திரப்படுத்தி, சுழலும் தட்டை எடுத்து, மோட்டரை மட்டும் கைபிடியோடு கொடுத்தால் போதும். அதற்கு முதல் பிரேக்கை விட்டு, மோட்டர் தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். இரட்டை ஸ்பிரிங் மோட்டரில் ஒன்று முறிந்திருந்தாலும் மற்றதில் இறுக்கம் மிஞ்சியிருக்கலாம். இறுக்கத்தோடு ட்ரம்மைத் திறந்தால் விரல் போய்விடும், விளையாட்டில்லை.

இந்தப் பட்டறையில் பிடித்த விஷயம், ட்ரம்மைத் திறக்காமல் விலை சொல்ல மாட்டார்கள். பட்டறைக்காரரான பாஸ் தடித்த தோல் கையுறை போட்டு, ட்ரம்மைச் சாக்குக்குள் வைத்து, நடுச்சுற்றைக் குறட்டால் பிடித்து ஒவ்வொரு சுற்றாக வெளியே விடுகிறார். மண்ணெண்ணெயில் கழுவிய பிறகு அகலம், தடிப்பு, நீளம், இரண்டு முனை ஓட்டைகளின் வடிவம் எல்லாவற்றையும் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறார். தடிப்பைப் பார்ப்பது மைக்ரோமீற்றரில். இந்த ஒரு பழக்கத்துக்காகவே அங்கே போகலாம்.

ஏனென்றால் பிழை நடப்பது பெரும்பாலும் அளவில்தான். கையில் தூக்கிப்போகிற சூட்கேஸ் கிராமபோன்களில் ஸ்பிரிங் பெரும்பாலும் 25 மி.மீ. அகலம், 0.5 – 0.6 மி.மீ. தடிப்பு, 3 மீற்றருக்கு மேல் நீளம். அகலம் ஒத்துவந்தால் போதும் என்று தலையில் கட்டுகிறவர்கள் உண்டு. அகலம் இரட்டித்தால் பலமும் இரட்டிக்கும், அவ்வளவே. தடிப்பு இரட்டித்தால் எட்டு மடங்காகும். 0.5க்குப் பதிலாக 0.6 போட்டாலே இழுவை ஏறக்குறைய 1.7 மடங்கு. அதை ட்ரம் கொளுக்கியும் பற்சக்கரங்களும் தாங்க வேண்டும். நீளமான ஸ்பிரிங் என்றால் கூட நேரம் பாடும் என்பதும் சரியில்லை. நடு அச்சுக்கும் ட்ரம் சுவருக்கும் இடையிலுள்ள இடத்தில் பாதியை ஸ்பிரிங் நிரப்பும்போதுதான் ஆகக்கூடிய சுற்றுகள் கிடைக்கும். அதற்கு மேல் திணித்தால் அவிழ இடமில்லாமல் சுற்று குறைந்துவிடும்.

பழையதைக் காப்பாற்றுவதா, புதிது போடுவதா என்பது முறிந்த இடத்தைப் பொறுத்தது. உள்முனையில் முதல் சுற்றுக்குள், அல்லது வெளிமுனை ஓட்டையில் என்றால் காப்பாற்றலாம். முறிந்த விளிம்பை நேராக வெட்டி, கடைசி 4 – 5 செ.மீ.யை மங்கல் சிவப்பாகும்வரை சூடாக்கி, மெதுவாக ஆறவிட்டு, இரும்பு இளகிய பிறகு ஓட்டை போட்டு, அரத்தால் பழைய ஓட்டையின் வடிவத்துக்குக் கொண்டுவருகிறார். உள்முனையென்றால் அச்சின் வளைவுக்கு வளைக்கவும் வேண்டும். வேலையை வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். சூடு பட்ட இடத்திலிருந்து நீலம், பழுப்பு, வைக்கோல் மஞ்சள் என்று படிப்படியாக இறங்கியிருக்க வேண்டும். ஒரே கோட்டில் சட்டென்று மாறியிருந்தால் அடுத்த முறிவு அந்தக் கோட்டில்தான். ஓட்டை விளிம்பில் அரத்தின் கீறல் இருந்தாலும் வெடிப்பு அங்கிருந்து தொடங்கும், எண்ணெய்க் கல்லில் தேய்த்து வழுவழுப்பாக்கச் சொல்லுங்கள்.

நடுவில் முறிந்ததை ரிவெட் அடித்து இணைக்க பாஸ் மறுக்கிறார். சரியான முடிவு. இணைப்பு தடித்துப் பக்கத்துச் சுற்றுகளில் உரசும், ரிவெட் ஓட்டையிலேயே திரும்ப முறியும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி கடற்கரைப் பக்க வீடுகளில் கிடந்த மோட்டர்களில் துரு குழி விழுத்தியிருக்கும். அந்த ஸ்பிரிங்கில் முனை வேலை செய்வது வீண் செலவு.

புது ஸ்பிரிங் எல்லா அளவிலும் கையிருப்பில் இல்லை. இந்தியாவிலிருந்து வரவேண்டும், வாரக்கணக்கில் போகும், முற்பணமும் கேட்பார்கள். கூலியைவிட ஸ்பிரிங்கின் விலைதான் கூட. வந்ததும் உங்கள் முன்னால் தடிப்பை அளக்கச் சொல்லுங்கள். முனை வேலைக்கு உத்தரவாதம் தருவதில்லை, அதைக் குறையாகச் சொல்ல முடியாது.

குறை கிறீஸில் இருக்கிறது. வீல் பெயாரிங் கிறீஸ் அந்தத் தெருவில் எங்கும் கிடைப்பதால் அதையே அள்ளி அப்புகிறார்கள். அது ட்ரம்முக்குள் மிகத் தடிப்பு. சுற்றுகள் பழையபடி ஒட்டும், தொம் தொம் திரும்ப வரும், மிஞ்சியது வழிந்து பற்சக்கரங்களுக்கும் கவர்னருக்கும் போகும். இளகிய லித்தியம் கிறீஸ் ஒரு சின்ன டின் கொண்டுபோய்க் கொடுங்கள். உள்ளே போகிற ஒவ்வொரு சுற்றிலும் மெல்லியதாகப் பூசினால் மொத்தம் ஒரு மேசைக்கரண்டிகூடச் செல்லாது.

கவர்னர் அதைவிட மோசம். மூன்று எடையையும் பிடித்திருக்கும் மெல்லிய தகடுகளில் ஒன்று வளைந்திருந்தால் குறட்டால் நிமிர்த்திக் கொடுத்துவிடுகிறார்கள். மூன்றும் ஒரே இழுவையில் இல்லாவிட்டால் கவர்னர் அதிரும், நீண்டு இழுக்கிற சுரம் அலையும். ஒன்று பழுதென்றால் மூன்றையும் மாற்றுவதே முறை. ஸ்பிரிங் முறிகிற அதிர்ச்சியில் பற்சக்கரத்தின் பல் உடைவதும் உண்டு. கேட்டால்தான் பார்ப்பார்கள், ஆகவே கேளுங்கள்.

திரும்ப எடுக்கும்போது வெறும் தட்டைச் சுழற்றிக் காட்டுவார்கள். அது சோதனையே இல்லை. வீட்டில் பூட்டி, ஒரு 12 அங்குல இசைத்தட்டை முழுச் சாவியில் போடுங்கள். ஒரு பக்கம் நான்கு நிமிடத்துக்கு மேல் ஓடும், கடைசிச் சுற்றுவரை வேகம் விழக்கூடாது. வேகத்தைப் பார்க்க, நம் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்துக்கு 77 கோடு போட்ட ஸ்ட்ரோப் தட்டு வேண்டும், அதைச் சுழலும் இசைத்தட்டின் மேல் வைத்து மின்விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பது. கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் நிமிடத்துக்கு 77.92 சுற்று, அதுவே 78 என்று கணக்கு. ஊசி இசைத்தட்டில் இருக்கும்போதே பாருங்கள், பாரம் இல்லாமல் பார்த்தால் ஏமாற்றும். எல்.ஈ.டி. வெளிச்சத்தில் பல நேரம் கோடு தெரியாது. பழைய சோக் போட்ட டியூப் லைட் நல்லது.

சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கிற, பித்தளைப் புனல் வைத்த புதுப் 'பழைய' கிராமபோன்களை இங்கே திருத்த எடுப்பதில்லை. வாதாடிப் பயனில்லை. பௌர்ணமி விடுமுறையான போயா நாளிலும் ஞாயிறிலும் பூட்டு. சனிக்கிழமை லேத் வேலைக்காரர் வரிசையில் நிற்பதால் கிழமை நாளில் காலையோடு போய்விடுங்கள். வாகனத்தை ஒழுங்கைக்குள் விட இடமில்லை.