பழைய வோல்வோ 240 வேகன்: சரிசெய்வதா, தள்ளிவிடுவதா?

1993 வரை தயாரான, பின்னால் சாமான் ஏற்ற நீண்ட இடமுள்ள கார். பி230எஃப் என்ஜின் 2.3 லிட்டர், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதாது. புது பெல்ட் போட்டால் போதும்.

முடிவைச் சொல்வது துரு. பின்பக்கத் தரைவிரிப்பைத் தூக்கி, இரு ஓரங்களிலும் உள்ள குழிகளைப் பாருங்கள். டெயில் லைட்டைச் சுற்றித் தண்ணீர் புகாமல் அடைக்கும் கேஸ்கெட் காய்ந்து சுருங்கினால் மழைத்தண்ணீர் நேராக அங்கேதான் இறங்கித் தேங்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்துங்கள்; பொலபொலவென உதிர்ந்தால் தகடு வெட்டி வெல்டிங் செய்தாக வேண்டும். ஜாக்கி வைக்கும் இடங்களும் அப்படி உதிர்ந்தால் பாகங்களாகப் பிரித்து விற்பதே புத்திசாலித்தனம்.

அடுத்தது வயரிங். 1980 முதல் 1987 வரை வந்த வண்டிகளில் என்ஜின் வயர்களின் மேலுறை விரல் பட்டாலே நொறுங்கும். டேப் சுற்றி ஒப்பேற்றாதீர்கள், ஹார்னஸ் எனும் வயர்க்கட்டு முழுவதையும் மாற்றுங்கள். ஃபிளேம் ட்ராப், என்ஜினின் உள்வாயு வெளியேறும் வழியில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் சாமான்தான். அடைத்துக்கொண்டால் என்ஜினின் உள்ளழுத்தம் ஏறி சீல்கள் வழியே ஆயில் கசியும். விலையோ அற்பம், முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

ஓடிய தூரம் காட்டும் ஓடோமீட்டரின் கியர் உடைவது சகஜம், காட்டும் கணக்கை நம்பி விலை பேசாதீர்கள். ஹீட்டர் மோட்டாரை மாற்ற டேஷ்போர்டுக்குள் ஆழமாகப் போக வேண்டும். ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

அடித்தகடு கெட்டியாக இருந்தால் இந்த வண்டியை விடாதீர்கள்.