டெமோவில் ஒன்று, டெலிவரியில் இன்னொன்று: டபுள் பேஸுக்கு கேபினெட் வாங்குபவர்கள் கவனத்துக்கு

டபுள் பேஸுக்கு (ஆள் உயர வயலின் மாதிரி, நின்றுகொண்டு வாசிக்கும் அந்தப் பெரிய கருவிக்கு) என்று தூக்கிக்கொண்டு போகிற அளவில் ஒரு ஸ்பீக்கர் கேபினெட், அதாவது ஸ்பீக்கர் பெட்டி, தேடுகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. புகார் இன்னும் முடியவில்லை என்பது ஒரு காரணம். பெயரைச் சொன்னால் அந்த ஒரு கடையை மட்டும் தவிர்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவீர்கள் என்பது இன்னொன்று. இந்த வித்தையை யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

நடந்தது இதுதான். கடையில் வாசித்துப் பார்க்கக் கொடுத்த 12 இன்ச் கேபினெட் நன்றாகவே இருந்தது. ஒரு கையால் தூக்க முடிந்தது. நியோடிமியம் காந்தம் போட்ட ஸ்பீக்கர், 8 ஓம் (ஸ்பீக்கர் ஆம்புக்குக் காட்டும் மின்தடையின் அளவு), மேல் சுருதிகளுக்கு ஒரு சின்ன ஹார்ன், அதைக் கூட்டிக் குறைக்கப் பின்னால் ஒரு குமிழ். என் பேஸையே கொண்டுபோய் வில்லாலும் விரலாலும் வாசித்துப் பார்த்துத்தான் சரி என்றேன். "இது டெமோ பீஸ் சார், பத்துப் பேர் கை பட்டது. பிரிக்காத புதுப் பெட்டியாகவே அனுப்பி வைக்கிறோம்" என்றார்கள். அக்கறையாகத்தான் பேசினார்கள். வந்து சேர்ந்ததும் அதே வலை, அதே கைப்பிடி, அதே சின்னம். உள்ளே மட்டும் வேறு ஸ்பீக்கர்.

முதல் சந்தேகம் தூக்கும்போதே வந்தது. 13 கிலோ என்று அட்டையில் போட்டிருக்கிறது, எடை பார்த்தால் 17-ஐத் தாண்டுகிறது. நாலு கிலோ என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்கள் டபுள் பேஸ் தூக்காதவர்கள். கருவியே பத்துக் கிலோவை ஒட்டி இருக்கும், அதுவும் ஆள் உயரத்துக்கு. அதைத் தோளில் போட்டுக்கொண்டு இன்னொரு கையில் இதைப் பிடித்து மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு கிலோவும் தெரியும். நியோடிமியம் காந்தத்துக்குப் பலம் அதிகம், அதனால் சின்னதாக இருந்தாலே போதும். அதே வேலையைச் செய்ய ஃபெரைட் காந்தம் தட்டு மாதிரி பெரிதாக இருக்க வேண்டும், கனமும் கூடும். நியோடிமியம் விலையும் அதிகம், அதில்தான் இந்த வித்தைக்கு லாபம். கடைக்குப் போன் செய்தேன். "கனம் ஜாஸ்தியா இருந்தா சவுண்டும் கெட்டியா இருக்கும் சார்" என்றார்கள். காதில் பூ சுற்றுவது அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

அப்புறம் ஒலி. கீழ் இ தந்தியில் மெதுவாக வில் போட்டால் உள்ளே ஏதோ கரகரத்தது. ஏ தந்தி பரவாயில்லை. டி-யில் மேலே ஏற ஏற ஒலி வீங்கிக்கொண்டே வந்து, திறந்த ஜி தந்திக்கு வரும்போது ஒரு ஊளை. கையை எடுத்துவிட்டு ஆம்ப் ஒலியைக் கொஞ்சம் கூட்டினால், தொடாமலே ஜி தந்தி உறுமுகிறது. ஃபீட்பேக். கடையில் இதைவிடச் சத்தமாக வைத்து, இதைவிடப் பக்கத்தில் நின்று வாசித்தபோது இது வரவே இல்லை.

இது ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் ஏமாற்றுபவரிடம் பேசுவதற்கு உதவும். டபுள் பேஸ் ஒரு பெரிய வெற்றுப் பெட்டி. உள்ளே இருக்கும் காற்று 60 ஹெர்ட்ஸை ஒட்டி அதிரும், மேற்பலகை 100 ஹெர்ட்ஸை ஒட்டி அதிரும். கருவிக்குக் கருவி கொஞ்சம் மாறும். திறந்த ஜி தந்தி 98 ஹெர்ட்ஸ். கேபினெட்டும் அதே இடத்தில் வீங்கினால், ஸ்பீக்கர் பலகையை ஆட்டும், பலகை பிக்கப்பை (அதிர்வை மின்சாரமாக்கி ஆம்புக்கு அனுப்பும் சின்னக் கருவியை) ஆட்டும், பிக்கப் ஸ்பீக்கரை ஆட்டும். எலெக்ட்ரிக் பேஸ் வாசிப்பவருக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை, அது உள்ளே வெற்றிடம் இல்லாத மரக்கட்டை. அதனால்தான் கடைக்காரர் தன் எலெக்ட்ரிக் பேஸை எடுத்து "பாருங்க, எவ்வளவு சூப்பரா இருக்கு" என்று தட்டிக் காட்டினால் நமக்கு அதில் ஒன்றுமே தெரியாது. ஸ்பீக்கரின் குணமும் பெட்டியின் கொள்ளளவும் அதில் காற்று போய்வர வைத்திருக்கும் துளையின் நீளமும் ஒன்றுக்கொன்று கணக்குப் பார்த்துப் பொருத்தப்பட்டவை. ஸ்பீக்கரை மட்டும் மாற்றிவிட்டால் அந்தக் கணக்கு மொத்தமாகக் கெட்டுவிடும். எனக்கு வந்ததில் கெட்டிருந்தது.

கடையின் பதில்? "உங்க பிக்கப் பிரச்சினை சார்." இது பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. பியேசோ பிக்கப்பை நேராகச் சாதாரண இன்புட்டில் சொருகினால் கீழ்ச் சுருதி போய் மூக்கால் பேசுவது போல இருக்கும். குறைந்தது 1 மெகாஓம், முடிந்தால் 10 மெகாஓம் இன்புட் உள்ள ப்ரீஆம்ப் (பிக்கப்புக்கும் ஆம்புக்கும் நடுவில் போடும் சின்னப் பெட்டி) வேண்டும். என்னிடம் அது இருக்கிறது, கடையில் வாசித்ததும் அதை வைத்துத்தான். அதைச் சொன்னதும் பழி அறைக்குப் போனது. அறையிலிருந்து ஈக்வலைசருக்கு. அங்கிருந்து "புது ஸ்பீக்கர், கொஞ்ச நாள் வாசிச்சா இளகிடும்" என்பதற்கு. புது ஸ்பீக்கரின் விளிம்பு வாசிக்க வாசிக்கக் கொஞ்சம் இளகும் என்பது உண்மைதான். 100 ஹெர்ட்ஸில் வரும் ஊளை இளகிப் போகாது. உண்மையில் பாதியை எடுத்து இப்படிப் பூசி மெழுகுவதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். இதற்கு ஒரே மருந்து, அதே பேஸ், அதே ப்ரீஆம்ப், அதே ஆம்ப், அதே அறை, கேபினெட்டை மட்டும் மாற்றி ஒரு வீடியோ. நண்பரின் பழைய 10 இன்ச் கேபினெட்டை வைத்து எடுத்து அனுப்பினேன். அதற்குப் பதிலே வரவில்லை.

குட்டு முழுசாக உடைந்தது ஒத்திகையில். சத்தம் போதவில்லை என்று இந்த கேபினெட்டோடு நண்பருடைய 8 ஓம் கேபினெட்டையும் சேர்த்து ஒரே ஆம்பில் மாட்டினோம். இரண்டு 8 ஓம் இணையாகச் சேர்ந்தால் 4 ஓம், என் ஆம்ப் தாங்குகிற குறைந்த அளவும் அதுதான். கணக்கு சரி. ஆனால் கொஞ்சம் அழுத்தி வாசித்ததுமே ஆம்ப் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு அணைந்துவிட்டது. மல்ட்டிமீட்டரை எடுத்து என் கேபினெட்டின் ஒயரில் வைத்தால் 3.3 ஓம். மீட்டர் காட்டுவது காயிலின் (ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருளின்) நேர்மின் தடை, அது எப்போதும் பெயரளவைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். 8 ஓம் ஸ்பீக்கர் சுமாராக ஐந்தரையிலிருந்து ஆறரை வரை காட்டும். மூன்றேகால் காட்டுவது 4 ஓம் ஸ்பீக்கர். 4-ம் 8-ம் இணையாகச் சேர்ந்தால் 2.67. ஆம்ப் அணைந்ததே நல்லது, பாதுகாப்புச் சுற்று இல்லாத ஆம்பாக இருந்திருந்தால் புகைந்திருக்கும்.

கடைக்காரர் இதற்கும் ஒன்று வைத்திருந்தார்: "4 ஓம்னா பவர் ஜாஸ்தி வரும் சார், உங்களுக்கு லாபம்தானே." பவர் அதிகம் வரும் என்பது சரிதான். இன்றைய ஆம்ப்கள் பெரும்பாலும் 8 ஓமில் கொடுப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கை 4 ஓமில் கொடுக்கும். ஆனால் நான் 8 ஓம் கேட்டதே, பெரிய அரங்கில் இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளத்தானே! அந்த வழியே அடைபட்டுவிட்டது.

திறந்தால் வாரண்டி போய்விடும் என்று திருகின் மேல் ஒரு சீல். அதனால் நானே திறக்காமல், ரசீது கொடுக்கிற ஒரு டெக்னீஷியனிடம் கொண்டுபோய், சீல் கிழியாமல் இருப்பதிலிருந்து வீடியோ எடுத்துக்கொண்டே திறந்தோம். உள்ளே கனத்த ஃபெரைட் காந்தம். அதன் பின்புறம் "8 ஓம்" என்று ஒரு வெள்ளை ஸ்டிக்கர், ஒரு ஓரம் மட்டும் ஒட்டாமல் நின்றது. நகத்தால் நெம்பினால் அடியில் இன்னொரு ஸ்டிக்கர், அதில் 4 ஓம். நான்கு திருகுத் துளைகளில் இரண்டு புதிதாகப் போட்டவை, பழைய துளைகளில் மரத்தூளும் பசையும். பெட்டிச் சுவரில் இருக்க வேண்டிய பஞ்சு ஒரு பக்கம்தான். கரகரப்பின் காரணமும் கிடைத்தது, ஒயரைக் கட்டாமல் விட்டிருந்தார்கள், அது கூம்பின் முதுகில் உரசிக்கொண்டிருந்தது. ஹார்னைக் கூட்டிக் குறைக்கும் அந்தக் குமிழ்? அதன் கால்களில் ஒயரே இல்லை. வெறும் அலங்காரம். ஹார்ன் ஒரே ஒரு கெப்பாசிட்டர் வழியாக நேராக ஓடிக்கொண்டிருந்தது. விரல் தந்தியை விட்டு வரும்போது கேட்கிற அந்த 'டிக்' சத்தத்தை பியேசோ ஏற்கெனவே பெரிதாக்கிக் காட்டும், அதைக் குறைக்க நமக்கு இருக்கும் முதல் கருவியே அந்தக் குமிழ்தான். இத்தனை நாளும் அதைத் திருப்பித் திருப்பி, கொஞ்சம் மாறுகிறதோ என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்!

ஸ்பீக்கர் மாற்றாமல் நேர்மையாக விற்கிற இடத்திலும் அட்டையில் இருக்கும் எண்கள் தனி ஏமாற்று வேலை. 800 வாட் என்று பெரிதாக இருந்தது, கீழே பொடி எழுத்தில் 'பீக்'. தொடர்ந்து தாங்கும் வாட்டைப் போல இரண்டு மடங்கை 'புரோகிராம்' என்பார்கள், நான்கு மடங்கை 'பீக்' என்பார்கள். ஆக அது 200 வாட் ஸ்பீக்கர். சத்தம் வேண்டுமானால் வாட்டைவிட சென்சிடிவிட்டியை (ஒரே அளவு பவருக்கு எவ்வளவு சத்தம் வருகிறது என்பதை) பாருங்கள். 3 டெசிபல் கூடுதல் உள்ள கேபினெட் பாதி வாட்டிலேயே அதே சத்தம் தரும்.

அடுத்தது "35 ஹெர்ட்ஸ் வரை இறங்கும்" என்பது. எத்தனை டெசிபல் குறைந்து இறங்கும் என்று சொல்லாத 35-க்கு அர்த்தமே இல்லை. மைனஸ் 3-இலா, மைனஸ் 10-இலா என்று கேளுங்கள், பெரும்பாலும் கையை விரிப்பார்கள். சின்னப் பெட்டி, ஆழமான கீழ்ச் சுருதி, குறைந்த வாட்டில் நிறைய சத்தம், இந்த மூன்றில் இரண்டுதான் ஒன்றாகக் கிடைக்கும். ஹாஃப்மனின் இரும்பு விதி என்று இதற்குப் பெயரே உண்டு. 1957-இல் தொடங்கிய கேஎல்ஹெச் கம்பெனியின் பெயரில் கடைசி எழுத்து அவருடையதுதான். மூன்றும் உண்டு என்று யாராவது சொன்னால் அங்கேயே பையை மூடிவிடலாம்.

என் கருத்தைக் கேட்டால், அந்த 35 நமக்குத் தேவையும் இல்லை. கீழ் இ-யின் அடிச் சுருதி 41 ஹெர்ட்ஸ், அதன் அலைநீளமே எட்டு மீட்டருக்கு மேல். டபுள் பேஸின் உடம்பு அவ்வளவு பெரிய அலையைக் காற்றில் நன்றாகத் தள்ளாது. மைக் இல்லாமல் கேட்கும்போது நம் காதுக்கு வருவது பெரும்பாலும் அதன் இரண்டு மடங்கான 82-உம் அதற்கு மேலே இருக்கும் சுருதிகளும்தான். ஸ்பீக்கரில் 35 வரை தோண்டி எடுத்தால் கருவியின் குரல் வராது, மேடையின் அதிர்வும் கால் தட்டும் சத்தமும் வரும். துளை வைத்த பெட்டியில், அது பொருத்தப்பட்ட சுருதிக்குக் கீழே கூம்பைப் பிடித்து நிறுத்த எதுவுமில்லாமல் அது சும்மா ஆடும், காயிலும் அடிவாங்கும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ஹை-பாஸ் ஃபில்டர் (கீழ்ச் சுருதிகளை மட்டும் தடுக்கும் வடிகட்டி) போட்டு வேண்டுமென்றே கீழே வெட்டுகிறார்கள். 8 இன்ச், 10 இன்ச் நல்ல கேபினெட்டை ஒரு நாற்காலியில் ஏற்றி வைத்து வாசித்தால் சின்ன அறைக்கு அதுவே தாராளம், தரையிலிருந்து தூக்கினாலே பாதி இரைச்சல் போய்விடும். 12 இன்ச்தான் டபுள் பேஸுக்கு என்று அடித்துச் சொல்கிறவர்களுடன் எனக்குச் சண்டை இல்லை, முதுகு அவர்களுடையது.

இனிமேல் நான் வாங்கினால் வாசித்துப் பார்த்த அதே பீஸைத்தான் எடுப்பேன், பத்துப் பேர் கை பட்டிருந்தாலும் சரி. சீரியல் எண் பில்லில் இருக்க வேண்டும். புதுசுதான் தருவேன் என்றால் அங்கேயே பிரித்து, கீழ் இ-யிலிருந்து ஒவ்வொரு அரைச்சுருதியாக மெதுவாக வில் போட்டுக்கொண்டு மேலே போவேன், எந்தச் சுருதி தனியாகக் கத்துகிறது, எது முழுங்கிப் போகிறது என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். மீட்டரும் எடைக் கருவியும் கையோடு கொண்டுபோவேன். ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

இப்போதைய நிலவரம்: "ஸ்பீக்கரை மட்டும் மாத்தித் தர்றோம், பணம் திருப்ப முடியாது" என்கிறார்கள். எந்த ஸ்பீக்கர் என்று எழுத்தில் கேட்டால் பிடி கொடுப்பதில்லை. டெக்னீஷியனின் ரசீதையும் வீடியோவையும் வைத்து, கார்டில் கட்டிய பணத்தைத் திரும்பப் பெற வங்கியில் மனு போட்டிருக்கிறேன். இது போன்ற கேபினெட் உங்களிடமும் இருந்து சந்தேகம் இருந்தால் திறக்க வேண்டாம், சீலைக் கிழிக்க வேண்டாம். ஏதாவது பாட்டை ஓடவிட்டு ஹார்ன் குமிழை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்பி, வேறு யாரையாவது எதிரே நிற்க வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். அப்புறம் பின்னால் போகும் ஒயரை ஆம்பிலிருந்து கழற்றி, அந்தப் பிளக்கின் இரண்டு தொடுமுனைகளிலும் மீட்டரை வையுங்கள். 8 ஓம் என்று விற்றதில் மூன்று சொச்சம் காட்டினால் அன்றைக்கே கடைக்கு எழுத்தில் அனுப்பிவிடுங்கள், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள்.