பூத்துக் குலுங்கிய அசேலியாவைப் பார்த்து ஏமாந்த கதை

அசேலியா என்ற பூச்செடியை வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். பன்னிரண்டு செடி வாங்கி ஒன்பதைப் பறிகொடுத்தவன் எழுதுகிறேன். விற்றவரின் பெயரைப் போடப் போவதில்லை. அவர் பேசிய பேச்சைத்தான் எழுதுகிறேன். வேறு இடத்தில் வேறு ஆள் இதையே பேசினால் உங்களுக்கு உறைக்க வேண்டும்.

நர்சரிக்குள் நுழைந்ததுமே கண்ணில் பட்டது அதுதான். இலையே தெரியாத அளவுக்குப் பூ. இளஞ்சிவப்பு, வெள்ளை, வெள்ளையில் விளிம்பு மட்டும் சிவப்பு. "எவர்கிரீன் சார். இலை உதிரவே உதிராது. வருஷம் முழுக்கப் பூக்கும். எந்த மண்ணிலயும் வரும்" என்றார். இதில் முதல் சொல்லைத் தவிர மற்றதெல்லாம் பொய் என்று தெரிய எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

"என்ன ரகம்?"

"ஜப்பான் வெரைட்டி சார்."

"ஜப்பான்ல எது?"

"ஜப்பான்தான் சார்."

அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். ஜப்பானிய அசேலியாவிலேயே குருமே என்று ஒரு கூட்டம் இருக்கிறது: சின்ன இலை, சின்னப் பூ, வசந்தத்தில் முந்திப் பூப்பது. 1918-ல் எர்னஸ்ட் வில்சன் என்ற தாவர சேகரிப்பாளர் ஜப்பானில் அந்தக் குருமே ஊருக்கே போய், அங்கிருந்த ரகங்களில் ஐம்பதைத் தேர்ந்தெடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பிய கதை பிரபலம். சட்சுகி என்று இன்னொரு கூட்டம், மற்றவை பூத்து ஓய்ந்த பிறகு பூப்பது. இவை தோட்டத்துக்கானவை. இவை போக, கண்ணாடிக் கூடத்தில் வளர்த்து, குளிரில் வைத்து எடுத்து, குட்டையாக நிற்க மருந்து தெளித்து, விற்பனை நாளுக்குச் சரியாகப் பூக்க வைக்கும் தொட்டி அசேலியாக்கள் தனி. கடையில் பார்க்க எல்லாம் அக்கா தங்கை போலத்தான் இருக்கும். ஆனால் தொட்டி வகைகளில் பல, உறைபனி விழும் தோட்டத்தில் ஒரு குளிர்காலம்கூடத் தாங்காது. நான் வாங்கிய பன்னிரண்டு தொட்டியில் ஒன்றில்கூடப் பெயர்ச்சீட்டு இல்லை.

நட்டுக் கொடுப்பதும் அவர்கள் பொறுப்பு, ஒரு வருடப் பராமரிப்பும் அவர்கள் பொறுப்பு என்று சொல்லி முன்கூட்டியே பணம் வாங்கிக்கொண்டார்கள். இரண்டு பேர் வந்தார்கள். முழங்கால் ஆழத்துக்குக் குழி. தொட்டியிலிருந்து உருவிய மண்கட்டியை அப்படியே இறக்கி, தண்டின் மேல் நாலு விரல் உயரத்துக்கு மண்ணைப் போட்டு மிதித்தார்கள். பன்னிரண்டுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நான் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன், அது வேறு.

அசேலியாவின் வேர் மயிர் போல மெல்லியது. மேல்மண்ணிலேயே படர்வது. ஆழத்தில் புதைத்தால் மூச்சு முட்டிச் சாகும். மண்கட்டியின் தலை தரைமட்டத்துக்குக் கொஞ்சம் மேலே தெரியும்படி நடுவதுதான் முறை. தொட்டிக்குள் சுருண்ட வேரை விரலால் கலைத்துவிடாவிட்டால், அது வெளிமண்ணை எட்டிக்கூடப் பார்க்காது. முதலில் செத்த செடியைப் பிடுங்கியபோது அதைக் கண்ணால் பார்த்தேன். மூன்று மாதம் மண்ணுக்குள் இருந்தும் தொட்டியின் வடிவம் குலையாமல் வந்தது. சுற்றிலும் மண் சொதசொதவென்று ஈரம். கட்டியை உடைத்தால் உள்ளே தூள் பறக்கிறது. தொட்டியில் நிரப்பும் பீட், அதாவது சதுப்பு நிலத்து மட்கு, ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் பிறகு தண்ணீரை உள்ளே விடாது. நான் தினமும் ஊற்றியதெல்லாம் ஓரமாக வழிந்து போயிருக்கிறது.

இனி அந்த வெள்ளைப் பவுடர் கதை. நடும்போதே செடிக்கு இரண்டு கைப்பிடி போட்டார்கள், "வேர் டானிக்" என்று. மூட்டையில் ஒரு எழுத்து கிடையாது. இரண்டு மாதத்தில் புது இலைகள் வெளுத்தன. இலை முழுக்க மஞ்சள், நரம்பு மட்டும் பச்சைக் கோடாக, எக்ஸ்ரே படம் மாதிரி. போன் செய்தேன். "சத்துக் குறைவு சார், பவுடரை டபுள் பண்ணுங்க." இரண்டாவது மூட்டைக்குத் தனிப் பணம். போட்டேன். இன்னும் வெளுத்தது. மூன்றாவது மூட்டை.

அசேலியாவுக்கு அமில மண் வேண்டும், பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண், 7-க்குக் கீழே இருந்தால் அமிலம்) 4.5 முதல் 6 வரை. அதற்கு மேலே போனால், மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. அந்த மஞ்சள் அதனால்தான் வருகிறது. நான் கடைசியாகச் சோதித்தபோது என் மண் 7.8 காட்டியது. சந்தேகம் வந்து, பவுடரில் ஒரு ஸ்பூன் எடுத்துத் தட்டில் போட்டு வினிகரை ஊற்றினேன். புஸ்ஸென்று நுரைத்துப் பொங்கியது. சுண்ணாம்புத் தூள்! இந்தச் செடிக்கு எதைப் போடக் கூடாதோ அதையே மூன்று மூட்டை விலை கொடுத்து வாங்கி என் கையாலேயே தூவியிருக்கிறேன். சாம்பலும் இதே வேலையைத்தான் செய்யும். யாராவது போடச் சொன்னால் கேட்காதீர்கள்.

இலையுதிர் காலத்தில் உள்பக்க இலைகள் மஞ்சளாகி விழுந்தன. அதற்கும் ஒரு மருந்து அடித்துப் பில் போட்டார்கள். எவர்கிரீன் அசேலியா வசந்தத்தில் விட்ட இலைகளை இலையுதிர் காலத்தில் உதிர்த்துவிட்டு, கோடையில் விட்ட சிறிய இலைகளோடு குளிர்காலத்தைக் கழிக்கும். அது அதன் இயல்பு. அதற்கு மருந்தே வேண்டாம்.

அதே வாரம் கவாத்து. பந்து மாதிரி உருட்டி வெட்டிவிட்டுப் போனார்கள், பார்க்க அழகாகத்தான் இருந்தது. கிளை நுனிகளில் தடிப்பாக இருந்தவை அடுத்த வசந்தத்துக்கான மொட்டுகள் என்று அப்போது எனக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோடையிலேயே மொட்டு கட்டிவிடும் செடி இது. வெட்டுவதானால் பூ முடிந்த கையோடு வெட்ட வேண்டும். வசந்தம் வந்தது, ஒரு பூ இல்லை. "முதல் வருஷம் ரெஸ்ட் எடுக்கும் சார்." வெட்டிய தழையை ஆடு வைத்திருப்பவர்களுக்குக் கொடுக்கும்படி அவர்கள் சொன்னதை நினைத்தால் இன்னும் பதறுகிறது. இந்த இலை ஆட்டுக்கும் நாய்க்கும் விஷம். நல்லவேளை, சோம்பலில் மட்க விட்டுவிட்டேன்.

நேரில் போய்ச் சண்டை போட்டேன். ரசீதைக் கேட்டார்கள். அதில் "செடி – 12" என்று மட்டும் இருந்தது. ரகம் இல்லை, உத்தரவாதம் இல்லை, எல்லாம் வாய்ப்பேச்சு. பவுடருக்கு ரசீதே கிடையாது. புதுச் செடி வாங்கினால் தள்ளுபடி தருவதாகச் சொன்னார்கள். ரகத்தின் பெயரை ரசீதில் எழுதித் தர மறுக்கும் இடத்தில் வாங்காதீர்கள். தொட்டியிலிருந்து செடியை உருவி வேரைக் காட்டச் சொல்லுங்கள். வெளிறிய வேர் நூல்நூலாகத் தெரிந்தால் நல்லது. பழுப்பாகிக் கொழகொழத்திருந்தால் வேண்டாம்.

மிச்சம் மூன்றைத் தோண்டி எடுத்து, வாளித் தண்ணீரில் குமிழி நிற்கும் வரை அமுக்கி வைத்து, வேரைக் கலைத்து, அமில மண் நிரப்பிய மேட்டுப் பாத்தியில் இரண்டு விரல் மேலே தூக்கி நட்டேன். பைன் ஊசியிலை மூடாக்கு, தண்டைத் தொடாமல். குழாய்த் தண்ணீர் கடினத்தன்மை கொண்டது என்பதால் மழைநீர் மட்டும். வேர் எடுத்துக்கொள்ளும் வடிவில் இரும்புச்சத்தைத் தரும் இரும்பு கீலேட் ஒருமுறை கொடுத்ததும் புது இலைகள் பச்சையாக வந்தன. பழைய பாத்தியில் கந்தகத்தூள் போட்டிருக்கிறேன். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள்தான் அதை அமிலமாக்க வேண்டும், மாதக்கணக்காகும். இந்த வசந்தத்தில் மூன்றில் ஒன்று மட்டும் ஏழு பூ பூத்தது.

போன வாரம் அந்த நர்சரியிலிருந்து அழைப்பு. பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டுமாம். பேசிய பெண்ணிடம், அந்த வெள்ளை மூட்டையில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். "கேட்டுச் சொல்றேன் சார்" என்றார். இன்னும் சொல்லவில்லை.