கெட்டிக்கும் துப்பாக்கிக்கு ஒரு பாதுகாப்பு வகுப்பு

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் சிலரின் வீடுகளில், பயிர்ப் பாதுகாப்புக்கென உரிமம் பெற்ற, குழல்வாய் வழியே வெடிமருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கி தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. அதைக் கையாளும் முறையோ பெரும்பாலும் அப்பாவைப் பார்த்துப் பழகியதுதான். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் உரிமம் கேட்பவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சியை வலியுறுத்துகின்றன. பாலக்காட்டுப் பக்கம் ஒரு பயிற்சி நிலையம் நடத்தும் வகுப்புக்குப் பலர் சான்றிதழுக்காகவே போகிறார்கள் என்றாலும், சான்றிதழைவிடப் பெரிய பயன் அதில் இருக்கிறது.

வகுப்பின் உயிர்நாடி இடிகோல் பாடம்; மருந்தையும் குண்டையும் குழலுக்குள் இடித்து இறக்கும் கோல்தான் இடிகோல். வெறுங்குழலில் கோலை அடிவரை இறக்கி, குழல்வாய் நிற்கும் இடத்தில் ஒரு கோடு போடுகிறார்கள்; சரியான அளவு மருந்தும் குண்டும் கெட்டித்த பின் இன்னொரு கோடு. பிறகு, காலி என்று சொல்லி ஒரு துப்பாக்கியைக் கையில் கொடுத்தார் பயிற்றுநர். கோலை இறக்கியபோது முதல் கோடு குழல்வாய்க்கு மேலே மூன்று விரல் உயரத்தில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு மரக்கட்டையை அவரே வைத்திருந்தார். கெட்டித்ததை மறந்து மறுபடியும் கெட்டிப்பதே இந்த வகைத் துப்பாக்கியில் நடக்கும் கொடிய விபத்துகளுள் ஒன்று என்பதால், எத்தனை முறை சொன்னாலும் பதியாதது அந்த மூன்று விரல் இடைவெளியில் பதிந்துவிடுகிறது.

குண்டு மருந்தின்மேல் இடைவெளியின்றி உட்கார வேண்டும், இல்லையென்றால் குழல் வீங்கவோ பிளக்கவோ கூடும் என்பதையும், இந்தத் துப்பாக்கிக்குரிய பழைய வகைக் கருமருந்துக்குப் பதிலாக, இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தைப் போட்டால் குழல் அந்த அழுத்தத்தைத் தாங்காது என்பதையும் காரணத்தோடு விளக்கினார்கள். மருந்துப் புட்டியிலிருந்து நேரே குழலில் கொட்டக் கூடாது. முன் வெடியின் கங்கு உள்ளே மிஞ்சியிருந்தால் புட்டியே கையில் வெடித்துவிடும் என்பதால், சிறு அளவுக் குவளையில் எடுத்துத்தான் ஊற்ற வேண்டும். அடிபட்டதும் பொறி கிளப்பி மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான கேப்பைக் கடைசியாகத்தான் வைக்க வேண்டும். வெடிக்காமல் போனால், குழலை இலக்கின் பக்கமே வைத்துக் குறைந்தது ஒரு நிமிடமாவது காத்திருக்க வேண்டும்.

சுத்தம் செய்யும் பகுதியை மட்டும் அவசரமாக முடித்துவிட்டார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். கருமருந்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 75 பங்கு வெடியுப்பு. எரிந்தபின் படியும் கசடு ஈரத்தை இழுத்துக் குழலை அரிக்கும். நம் பக்கத்து மழைக்காலத்தில் எண்ணெய்த் துணியால் துடைப்பது மட்டும் போதவே போதாது, முதலில் வெந்நீரால் கழுவிக் காயவைக்க வேண்டும். இதற்குத் தனியாக ஒரு வேளை ஒதுக்கியிருக்கலாம்.

முன்கூட்டியே சொன்னால் சொந்தத் துப்பாக்கியையும் பார்த்துத் தருகிறார்கள். பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்கள், கேப் உட்காரும் முனையின் துளை தேய்ந்து அகன்றிருக்கிறதா என்று கட்டாயம் காட்டிக்கொள்ளுங்கள். அகன்ற துளை வழியே நெருப்பு சுடுபவரின் முகத்தை நோக்கித் திரும்பி வரக்கூடும். கண்ணாடியும் காதடைப்பானும் வகுப்பில் எல்லோருக்கும் போதுமான அளவு இல்லை, வீட்டிலிருந்தே எடுத்துச் செல்வது நல்லது.