ராமேஸ்வரம் தீவில் டிஜிட்டல் வாக்கி: வாங்கலாமா?

வாங்கலாம். போலீஸ், தீயணைப்பு, திருவிழாக் கூட்டப் பாதுகாப்பு மாதிரி வேலைகளுக்கு நம் கரையில் டி.எம்.ஆர் (டிஜிட்டல் மொபைல் ரேடியோ) வகை டிஜிட்டல் வாக்கி-டாக்கி நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் ஒரு சின்ன ஊருக்கு மொத்தமாக மாற்றித் தருகிறோம் என்று யார் கொட்டேஷன் கொடுத்தாலும், அதில் செட்டுக்கு எவ்வளவு, டவர், கேபிள், பேட்டரிக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். முக்கால்வாசிப் பணம் கையில் பிடிக்கிற செட்டுக்கே போகிறது என்றால் அந்தக் கொட்டேஷனைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

நான் ராமநாதபுரம் பக்கம் வயர்லெஸ் செட் பொருத்துகிறவன், பழுது பார்க்கிறவன். லைசென்ஸ் வைத்திருக்கிற ஒரு தனியார் பாதுகாப்பு நிறுவனம் குரலை எண்ணாக மாற்றாமல் அப்படியே அனுப்புகிற தன் பழைய ஆனலாக் செட்டுகளை விட்டுவிட்டு ராமேஸ்வரம் தீவு முழுக்க டிஜிட்டலுக்கு மாறியது. இப்போது அதைப் பராமரிப்பது நான்தான். செட்டின் பிராண்டைச் சொல்லப் போவதில்லை. டி.எம்.ஆர் என்பது ஐரோப்பாவில் தொலைத்தொடர்புத் தரங்களை வகுக்கிற எட்சி அமைப்பு 2005இல் வெளியிட்ட பொதுத் தரம், அதனால் கீழே எழுதுவதில் பெரும்பகுதி எந்தக் கம்பெனி செட்டுக்கும் பொருந்தும்.

முதலில் எனக்குப் பிடித்தது. ஒரே ரிப்பீட்டர் (ஒரு செட்டின் பேச்சை வாங்கிப் பலமாக மறுபடி அனுப்புகிற கருவி), ஒரே அலைவரிசை, ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு பேச்சு. 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலத்தை நேரக்கணக்கில் இரண்டாகப் பிரித்து, மிகச் சிறிய இடைவெளிகளில் மாறி மாறி அனுப்புகிறது. ஆடி அமாவாசை அன்று அக்னி தீர்த்தக் கரையில் நின்று பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். ஒருவர் வாகன நெரிசலைச் சொல்கிறார், இன்னொருவர் காணாமல் போன குழந்தையின் சட்டை நிறத்தைச் சொல்கிறார், பழைய செட்டில் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து யாருக்கும் எதுவும் கேட்காது. இப்போது காவலர்களுக்கு ஒரு பாதை, வண்டிகளுக்கு ஒரு பாதை என்று பிரித்திருக்கிறோம். ஒரு சிறிய நகரத்தில் இதையே போலீசுக்கு ஒன்று, தீயணைப்புக்கு ஒன்று என்று வைக்கலாம், இரண்டாவது ரிப்பீட்டர் வாங்கத் தேவையில்லை. கையில் இருக்கிற செட்டும் பாதி நேரம்தான் அலையை அனுப்புகிறது என்பதால் பேட்டரி கூடுதல் நேரம் நிற்கிறது. அந்த நிறுவனத்தின் காவலர்கள் என்னிடம் முதலில் சொன்ன நல்ல வார்த்தையே அதுதான்.

போலீசும் தீயணைப்பும் சேர்ந்து பேசிக்கொள்ள, இரண்டு துறைக்கும் பொதுவாக ஒரு பேச்சுக் குழுவையும் செட்டில் புரோகிராம் செய்துவிடுங்கள், இதில் மட்டும் சோம்பல் கூடாது. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் போலீஸ் ஹெலிகாப்டரிலிருந்து கோபுரம் விழப்போகிறது என்று எச்சரித்தார்கள். உள்ளே இருந்த தீயணைப்பு வீரர்களுக்கு அது போய்ச் சேரவில்லை, இரண்டு துறையும் வேறு வேறு ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தன. அன்றைக்கு இறந்த தீயணைப்புத் துறையினர் 343 பேர். அவ்வளவு பெரிய நகரத்துக்கே அந்த நிலை. ஒரு பொதுக் குழு போட்டு வைப்பதற்குத் தனியாக எந்தச் செலவும் இல்லை.

இனி தூரம். டவரில் இருக்கிற ஆண்டெனாவின் உயரம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. மீட்டரில் உயரத்தின் வர்க்கமூலத்தை 4.1ஆல் பெருக்கினால், தடை இல்லாத தரையில் ஏறக்குறைய எத்தனை கிலோமீட்டர் எட்டும் என்று வரும். 9 மீட்டர் கம்பம் என்றால் 12 கிலோமீட்டர், 36 மீட்டர் டவர் என்றால் 24 கிலோமீட்டரைத் தாண்டும், அதோடு கையில் பிடிக்கிற செட்டுக்கு ஒரு ஐந்து கிலோமீட்டர் சேரும். ராமேஸ்வரத்தில் 323 மீட்டர் டிவி கோபுரத்தை எதற்கு அவ்வளவு உயரமாகக் கட்டினார்கள் என்பதற்கும் இதே கணக்குதான் பதில். ஆனால் இது காகிதக் கணக்கு. இடுப்பில் மாட்டி, மேலே ஈரத்துணியும் சுற்றியிருந்தால் தூரம் மளமளவென்று குறையும். ரிப்பீட்டர் நாற்பது வாட்டில் பேசும், கைச்செட்டு ஐந்து வாட்டில் பதில் சொல்லும். அதனால் தீவின் கடைசி முனையான அரிச்சல்முனையில் நிற்கிற ஆளுக்குக் கண்ட்ரோல் ரூம் பேசுவது கேட்கும், அவர் பேசுவது கண்ட்ரோலுக்குக் கேட்காது. விற்க வருகிறவர் "கவரேஜ் இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு, கேட்பதை மட்டும் காட்டிவிட்டுப் போவார். முகுந்தராயர் சத்திரம் தாண்டி, இடுப்பில் செட்டை மாட்டிக்கொண்டு, அங்கிருந்து பேசிக் காட்டச் சொல்லுங்கள். கோயிலின் மூன்றாம் பிரகாரத்துக்குள்ளேயும் பேசிக் காட்டச் சொல்லுங்கள். அவ்வளவு கல்லுக்குள் அலை நுழைவது லேசில்லை, அங்கே நேராக ஒரு செட்டிலிருந்து இன்னொரு செட்டுக்குப் பேசும் முறைதான் கைகொடுக்கிறது.

டிஜிட்டலில் ஒரு குணம் பழகியே ஆக வேண்டும். ஆனலாக்கில் தூரம் போகப் போக இரைச்சல் ஏறும், அதைக் கேட்டே ஆள் உஷாராகி ஒரு மேட்டில் ஏறி நின்றுகொள்வார். டிஜிட்டலில் கடைசி வரை பக்கத்தில் நிற்பவர் பேசுவது போலத் தெளிவாகக் கேட்கும், அப்புறம் ஒன்றிரண்டு எழுத்துகள் கரகரவென்று உடையும், உடனே ஒன்றுமே இல்லை. எச்சரிக்கையே கிடையாது. இன்னொன்று, பேச்சை எண்ணாக மாற்றும் மென்பொருள் மனிதக் குரலுக்காகச் செய்யப்பட்டது. தனுஷ்கோடிக் காற்றை அது நன்றாகவே அடக்குகிறது, கச்சான் அடிக்கிற நாளில்கூடப் பேச்சு புரிகிறது. ஆனால் பம்பு இன்ஜினும் சைரனும் மரம் அறுக்கிற ரம்பமும் பக்கத்தில் ஓடும்போது குரலையும் சேர்த்துக் குழப்பிவிடும். அமெரிக்கத் தீயணைப்புத் தலைவர்களின் சர்வதேசச் சங்கமே 2008இல் இதைச் சோதித்து அறிக்கை கொடுத்திருக்கிறது. ஆகவே தீயணைப்பு வீரர்கள் நெருப்புக்குப் பக்கத்தில் தங்களுக்குள் பேசிக்கொள்ள ரிப்பீட்டர் வழியே போகாத ஒரு ஆனலாக் சேனலை விட்டு வையுங்கள். இந்தச் செட்டுகளில் பெரும்பாலானவற்றில் இரண்டு முறையும் இருக்கிறது, ஒரே குமிழைத் திருப்பினால் போதும். ஊர் முழுவதையும் ஒரே ராத்திரியில் மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லாமல் போவதும் இதனால்தான்.

உப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், கொட்டேஷனில் யாரும் எழுதாத செலவு இது. ஐ.பி 67 என்று செட்டில் போட்டிருப்பது ஒரு மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் முப்பது நிமிடம் தாங்கும் என்பதற்கான சோதனை. கடல்நீர் வேறு. செட்டின் அடியில் சார்ஜ் ஏறுகிற பித்தளைப் புள்ளிகளில் பச்சைக் களிம்பு பிடித்துவிடும், ராத்திரி முழுக்கச் சார்ஜரில் இருந்தும் காலையில் பாதி பேட்டரிதான் இருக்கும், செட்டு மோசம் என்று பழி வரும். அழிரப்பரால் தேய்த்துத் துடைத்தால் சரியாகிவிடும். டவரில் நடப்பது அதைவிட மோசம். சிக்னல் மெல்லக் குறைகிறதே என்று மேலே ஏறி, ஆண்டெனா அடியில் இருக்கிற கனெக்டரைக் கழற்றினேன். உள்ளே இருந்து பழுப்புத் தண்ணீர் சொட்டியது, கேபிளைச் சீவிப் பார்த்தால் செப்புப் பின்னல் ஒரு கை நீளத்துக்குக் கறுத்து, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. பொருத்தும்போது சுற்ற வேண்டிய ரப்பர் டேப்புக்குப் பதில் சாதாரண கறுப்பு டேப்பைச் சுற்றிவிட்டுப் போயிருந்தார்கள், எனக்கு முன்னால் அந்த வேலையை எடுத்திருந்த ஆட்கள். அந்த ரப்பர் டேப்பின் விலை ஒரு கைச்செட்டின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

மின்சாரமும் அப்படித்தான். 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரையேறிய பிறகு டெல்டாவில் எத்தனை நாள் கரண்டும் செல்போனும் இல்லாமல் கிடந்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். வாக்கி வாங்குவதே அந்த நாட்களுக்காகத்தான். ரிப்பீட்டருக்கு மூன்று மணி நேர இன்வெர்ட்டர் வைத்துவிட்டு அவசரகால அமைப்பு என்று சொல்வது அநியாயம். குறைந்தது இரண்டு நாள் தாங்குகிற பேட்டரி, அதைச் சூரியத் தகட்டோடு இணைத்து, வெள்ளத் தண்ணீர் தொடாத உயரத்தில் வைக்க வேண்டும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி போன கதை கேட்டு வளர்ந்த ஊரில் இதை வாதாடி வாங்க வேண்டியிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இந்தக் கரைக்கே உரிய ஒரு விஷயமும் உண்டு. காற்று அடங்கிப் புழுங்குகிற சாயங்காலங்களில் கடலுக்கு மேலே சூடும் குளிருமாக அடுக்கு விழுந்து, அலைகள் வழக்கத்தைவிட ரொம்ப தூரம் ஓடிவிடும். இங்கே சாதாரண ரேடியோவில் இலங்கை எஃப்.எம் கேட்பதெல்லாம் நமக்குப் பழக்கம்தானே. அதேபோல யாருடைய வயர்லெஸ்ஸோ நம் சேனலில் வந்து விழும். டி.எம்.ஆரில் கலர் கோட் என்று ஒன்று இருக்கிறது, அது பொருந்தாத பேச்சைச் செட்டு திறக்காது, அதனால் வேற்றுக் குரல் கேட்பது நின்றுவிட்டது. ஆனால் அந்த அலை நம்முடையதை அமுக்கும்போது ஒன்றும் செய்ய முடியாது, அலைவரிசை ஒதுக்கும்போதே இந்தக் கரையின் நிலையைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

அவசரப் பொத்தான் நன்றாக இருக்கிறது, அழுத்தினால் கண்ட்ரோலில் யாருடைய செட்டு என்று பெயரோடு வருகிறது. ஜி.பி.எஸ் சுமார்.

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிற வாக்கிகளை வாங்கி இந்த வேலைக்கு விடாதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையில் குறைந்த சக்திக்கு மட்டும்தான் அனுமதி. இப்படி வாக்கிகளைச் சட்டத்துக்குப் புறம்பாக விற்பதைத் தடுக்க 2025இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதலே வெளியிட்டது. கண்ட அலைவரிசையில் பேசுகிற ஒரு செட்டு போதும், உண்மையான அவசரப் பேச்சு ஒன்று கெட்டுப் போக.

செட்டுக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். வாங்குகிறவர்கள் ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: வருடத்துக்கு இரண்டு முறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒன்று கட்டாயம், டவர் மேலே ஏறிக் கனெக்டரைத் திறந்து பார்த்துப் படம் எடுத்துத் தர வேண்டும். ரிப்பீட்டர் நின்றால் எத்தனை மணி நேரத்துக்குள் ஆள் வர வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள். மதுரையிலிருந்து நாளைக்கு வருகிறோம் என்று சொல்கிறவரிடம் எவ்வளவு நல்ல செட்டாக இருந்தாலும் வாங்காதீர்கள்.