சேகரிப்பு நிலையமா, போத்தல்காரரா, குப்பை லொறியா?

கொழும்பு வெள்ளவத்தையில் தொடர்மாடி வீட்டுக்காரருக்கு உலர் குப்பையைக் கொடுக்க மூன்று வழிகள் உண்டு. வாசலுக்கு வரும் லொறி, பழைய போத்தலும் பேப்பரும் வாங்க வரும் போத்தல்காரர், நாமே கொண்டுபோய்க் கொடுக்கும் மீள்சுழற்சி நிலையம். நான் நிலையத்தைத்தான் பிடித்துக்கொண்டேன்.

லொறி சுலபம், அதில் பேச்சில்லை. ஆனால் ஒரே பையில் கட்டிக் கொடுத்தால் எல்லாம் ஒன்றாக நசுங்கி, கறி ஊறிய கடதாசி எதற்கும் உதவாமல் போய்விடும். கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள், சரி. ஆனாலும் திரும்பப் பாவிக்கக்கூடிய போத்தலை எரிப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. 2017 சித்திரைப் புத்தாண்டன்று மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 32 பேர் இறந்த பிறகு, கட்டிக் கொடுத்ததோடு பொறுப்பு முடிந்தது என்று இருக்கவும் முடியவில்லை.

போத்தல்காரர் காசு தருவார், படியேறியும் வருவார். பேப்பர் கட்டு, இரும்பு, பியர் ரின் நிறைய இருந்தால் அவரையே கூப்பிடுங்கள், அது அவருடைய பிழைப்பும்கூட.

எனக்கு முடிவைத் தந்தது மிச்சம்தான். விலை போகாததை அவர் தொடமாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. யோகட் கப், ஷாம்பூ போத்தல், மாஜரின் டப்பா எல்லாம் மூலையிலேயே கிடக்கும். எங்கள் வீட்டில் சேர்வதில் பெரும்பங்கு இவைதான். நான் போகும் நிலையத்தில் இவற்றையும் எடுக்கிறார்கள், வகை பிரித்துக் கொடுத்தால். டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள்: 1 தண்ணீர்ப் போத்தல், 2 ஷாம்பூ வகை, 5 பெரும்பாலும் மாஜரின் டப்பா. முதல் வகைக்கு இங்கேயே வேலை இருக்கிறது, ஹொரணையில் அதை நூலாக்குகிறார்கள்.

இதற்கு உழைப்பு வேண்டும். கழுவி, கவிழ்த்து, நன்றாகக் காயவிட வேண்டும். கொழும்பு ஈரத்தில் அரைகுறையாகக் காய்ந்த கப் இரண்டு நாளில் மணக்கத் தொடங்கும், எறும்பும் வரும். பாத்திரம் கழுவும்போதே அலசிவிட்டு பல்கனியில் வைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. சேர்த்து வைக்க இடமும் வேண்டும், போய்வர ஓட்டோச் செலவும் உண்டு. அதனால் பக்கத்து வீட்டுப் பையையும் சேர்த்தே கொண்டுபோகிறோம்.

என் அனுபவம் பிளாஸ்டிக், கடதாசி, கண்ணாடி அளவில்தான். பற்றரி, மின்குமிழ் இருந்தால் மற்றவற்றோடு கலக்காமல் தனியே வைத்து, எடுப்பார்களா என்று முதலில் கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள்.