புகாரைக் கேட்பவளுக்கும் ஒரு பயிற்சி: கோத்தகிரி சட்டப் பயிலரங்கு

கோத்தகிரியில் போன மாதம் நடந்த ஒருநாள் சட்டப் பயிலரங்குக்கு 600 ரூபாய் கட்டிப் போயிருந்தேன். நடத்தியவர் சட்ட நூல்கள் எழுதும் மூத்த பெண் வழக்கறிஞர். சட்டம், பெண் தலைமை, மனநலம் மூன்றையும் பேசுவதாக அறிவித்திருந்தார்கள். நான் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு பார்க்கிறேன். வேலை இடத்தில் நடக்கும் பாலியல் தொல்லை பற்றிய புகார்களை விசாரிக்க அங்குள்ள உள்ளகப் புகார் குழுவுக்குத் தலைவியும் நான்தான். இந்தப் பொறுப்பில் இருக்கிறவர்களுக்கு அந்த ஒரு நாள் எந்த அளவுக்கு உதவும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

காலை அமர்வு அருமை. பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிராக உச்ச நீதிமன்றம் வழிமுறைகள் வகுத்த 1997 விசாகா தீர்ப்புக்குக் காரணமான பன்வாரி தேவியிலிருந்து தொடங்கினார். அவர் அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவர் இல்லை, ராஜஸ்தான் கிராமத்தில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போராடிய பணியாளர். இதைக் கேட்டதும் தோட்டத்தில் இலை பறிக்கும் அக்காக்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அப்புறம் பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்க வந்த 2013 சட்டம். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் புகார், 90 நாளுக்குள் விசாரணை என்பதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் எழுதத் தெரியாத பெண் வந்தால் எழுதிக் கொடுக்க உதவுவது குழுவின் கடமை என்பதை அவர் அழுத்திச் சொன்ன விதம் வேறு. "எழுதிக் கொண்டு வாம்மா" என்று ஒருத்தியைத் திருப்பி அனுப்பினால் அவள் மறுபடி வரமாட்டாள் என்பது எங்களுக்குத் தெரியும்.

சமரசம் பற்றியும் நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். மலையில் எந்தப் பிரச்சினைக்கும் முதலில் வரும் பேச்சு "பெரியவங்கள வச்சுப் பேசி முடிச்சிடலாம்" என்பதுதான். விசாரணை தொடங்குமுன், பாதிக்கப்பட்ட பெண்ணே கேட்டால்தான் சமரசம். அப்போதும் பணம் கொடுத்து முடிக்கக் கூடாது. இதை மேலாளரிடம் எப்படிச் சொல்வது என்று எங்களையே நடித்துக் காட்டச் சொன்னார். முதலில் கூச்சப்பட்டவர்கள்கூடப் பிறகு குரலை உயர்த்திப் பேசினார்கள்.

மனநலம் என்றதும் கண்ணை மூடி மூச்சை இழுக்கச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் கழிப்பறையிலிருந்து ஆரம்பித்தார். ஊட்டி கோர்ட்டில் பெண் வழக்கறிஞர்களுக்குக் கழிப்பறை வசதி இல்லை என்ற முறையீடு 2023-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், எல்லா நீதிமன்றங்களிலும் கழிப்பறை இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சட்டம் படித்தவர்களுக்கே இந்த நிலை என்றால், காட்டில் தண்ணீர் குடிக்கவே பயந்து இலை பறிக்கிறவர்களைப் பற்றி யார் பேசுவது? அவர் பேசினார்.

நான் காசு கொடுத்துப் போனதற்கு முழுப் பலன் அடுத்து வந்தது. விசாரணையில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்கிறது சட்டம். எங்கள் ஊரில் பஸ், ரேஷன் கடை, கோயில் திருவிழா எங்கும் அதே முகங்கள்தான். காலையில் ஒரு பெண் அழுது சொன்னதைக் கேட்டுவிட்டு, மாலையில் அந்த ஆளின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பயணம் செய்ய வேண்டும். வீட்டிலும் வாய் திறக்க முடியாது. குடும்ப வழக்குகளைப் பற்றி எழுதிய காலத்தில் தானும் தூக்கம் இல்லாமல் தவித்ததைச் சொல்லிவிட்டு, அவர் வழி சொன்னார். ஒவ்வொரு விசாரணை முடிந்ததும் குழு உறுப்பினர்கள் மட்டும் பத்து நிமிடம் உட்கார்ந்து மனதில் உள்ளதைப் பேச வேண்டும். அது ரகசியத்தை மீறுவது ஆகாது. ஆள், இடம் எதையும் சொல்லாமல் நம் பாரத்தை மட்டும் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-இல் பேசலாம். இதை இதற்கு முன் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

தலைமை பற்றிய அமர்வு ஏமாற்றம். பெரிய நகரத்து கம்பெனிகளுக்குச் செய்த படங்களையே திரையில் ஓட்டினார்கள். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-இல் சட்டம் வந்த மாநிலம் இது. அந்த அறையிலேயே ஒரு முன்னாள் ஊராட்சித் தலைவி இருந்தார். அவரைப் பத்து நிமிடம் பேசவிட்டிருந்தால் அந்தப் படங்களைவிட நன்றாக இருந்திருக்கும்.

பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கு மாவட்ட உள்ளூர் புகார் குழுதான் கதி. சின்ன தேயிலைத் தோட்டம், காட்டேஜ், சாக்லேட் கடை என்று இங்கே நிறையப் பெண்கள் வேலை பார்ப்பது அப்படிப்பட்ட இடங்களில்தான். அதை ஐந்தே நிமிடத்தில் தாண்டியது சரியில்லை. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, 15100-க்கு அழைக்கலாம் என்பதையும் போகிற போக்கில்தான் சொன்னார்கள்.

மதியம் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் சூடாக, வயிறு நிறையக் கிடைத்தது. டீயுடன் வர்க்கி. கையேடு ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது, தமிழில் கட்டாயம் வேண்டும். ஐந்தரைக்கு மேல் இழுத்ததால் கீழ்கோத்தகிரி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் கேள்வி நேரத்துக்கு இல்லை. கேள்வி அதிகம் இருந்ததும் அவர்களிடம்தான்.

அடுத்து குன்னூரில் நடத்தப் போகிறார்களாம். புகார் குழுவில் இருக்கிறவர்கள் தயங்காமல் போங்கள். குழு உறுப்பினர்களுக்குப் பயிற்சி கொடுப்பது முதலாளியின் கடமை என்று அதே 2013 சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்கிறது. அதைக் காட்டி, எங்கள் குழுவின் மற்ற உறுப்பினர்களுக்கான கட்டணத்தை நிர்வாகத்திடம் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.